அலமாரிப் பலகையில் இரண்டு பட்டியல்

1

தெத் புத்தாண்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்த நாட்களில் சைகோனில் வீட்டுக்கு வண்ணம் அடிக்க ஓர் ஆள் கிடைப்பது எளிதல்ல. புது வருடம் பழைய அழுக்கின்மேல் வந்து உட்காரக் கூடாது என்பதில் இந்த ஊர்க்காரர்கள் கண்டிப்பானவர்கள். நாங்கள் கொண்டாடுவது நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும்தான். ஆனால் வீட்டில் மூத்தவர் என் மாமியார். அவர் இந்த மண்ணில் பிறந்த வியட்நாமியப் பெண். ஆகவே எங்கள் சுவர்களுக்கும் ஆண்டுக்கொருமுறை தெத் வந்துவிடுகிறது.

நேற்று வந்தவர் முன்னறையை முடித்துவிட்டு, பல வருடமாக வண்ணம் படாத அடுப்படிக்குள் நுழைந்தார். மர அலமாரியின் பக்கப் பலகையைப் பார்த்துவிட்டுச் சுரண்டும் தகட்டை எடுத்தார்.

"ஐயா, இந்தக் கிறுக்கலையெல்லாம் சுரண்டிவிட்டுத்தானே அடிக்க வேண்டும்?" என்று வியட்நாமியில் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் கடைப் பக்கமிருந்து என் மனைவி நூர்ஜஹானின் குரல் வந்தது. எங்கள் வீடு எங்கள் துணிக்கடையின் பின்கட்டு. அவள் காது கடையிலும் அடுப்படியிலும் ஒரே நேரத்தில் இருக்கும்.

"மச்சான், அந்த மனுசன் கையில உள்ள தகட்ட மொதல்ல வாங்கி வைங்க. பலகையில கைய வச்சார்னா இன்னைக்கு உங்களுக்குச் சோறு கெடையாது."

"அவர் கைய வச்சா எனக்கு ஏன் சோறு இல்ல?"

"நீங்கதானே அவரக் கூட்டிட்டு வந்தீங்க."

வண்ணக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரிந்தது. தகட்டைக் கீழே வைத்தார்.

பலகையில் இரண்டு பத்திகள் உள்ளன. இடது பத்தி நீலப் பென்சில், என் கையெழுத்து. வலது பத்தி சிவப்புப் பென்சில், நூருவின் கையெழுத்து. இரண்டிலும் ஒவ்வொரு வரியும் ஒரே ஆங்கில வினைச்சொல்லில் தொடங்குகிறது: டேக். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பம் இந்த ஊரில் ஒன்றாக இருப்பதா, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிரிவதா என்பது அந்தச் சொல்லை நான் எவ்வளவு கற்றுக்கொள்கிறேன் என்பதைப் பொறுத்திருந்தது. நம் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு மிகையாகத் தெரியலாம். அதனால் வரிசையாகச் சொல்கிறேன்.

2

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். பதினெட்டு வயதில் கப்பலேறி, இங்கே துணிக்கடை வைத்திருந்த தாய்மாமனிடம் வந்தேன். மூன்று மாதம் அவர் என்னைக் கவனித்தார். நான் அளந்து கொடுத்த துணி ஒவ்வொரு முறையும் வாங்கியவருக்கே லாபமாக முடிந்தது. "ஒன் கைக்கு மீட்டர் கோல் ஆகாது. ஒன் வாய்க்குப் பிரெஞ்சு ஆகுது. அந்தப் பக்கமா போ" என்றார். பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் புரூப் திருத்தும் வேலை கிடைத்தது. சில ஆண்டுகளில் உதவி ஆசிரியர் மேசைக்கு நகர்ந்தேன். மாமாவின் மகள் நூருவைக் கட்டிக்கொண்டேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போனார்கள். சொந்த நாட்டவர் அல்லாதவர்கள் துணிக்கடை நடத்தக் கூடாது என்று புதிய அரசு சட்டம் போட்டது. மாமா கடையை மாமி பேருக்கு மாற்றினார். சில வருடத்தில் மௌத்தாகிவிட்டார். மாமியும் நூருவும் இந்த நாட்டுப் பிரஜைகள். நான் மட்டும் வெளிநாட்டான். அதனால் கடையில் ஒரு முழம் துணிகூட நான் வெட்டித் தர முடியாது. வெளிநாட்டவர் அட்டை ஒன்று உண்டு. வேலை தருகிறவர் கடிதம் கொடுத்தால் அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பார்கள். கடிதம் இல்லையென்றால் அட்டை இல்லை. அட்டை இல்லையென்றால் கப்பல்.

அமெரிக்கர்கள் வந்து இறங்கத் தொடங்கிய சமயத்தில் எங்கள் முதலாளி எல்லோரையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்தார். பிரெஞ்சுப் பத்திரிகையை வாங்க ஆள் குறைந்துவிட்டது, இனி நம்முடையது ஆங்கில நாளிதழ் என்றார். பென்டன் என்று ஓர் ஆஸ்திரேலியர் ஆசிரியராக வருகிறார். நான்கு மாதத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சோதிப்பார். தேறியவர்கள் இருக்கலாம்.

எனக்கு அப்போது தெரிந்த ஆங்கிலம் சிகரெட் பெட்டிகளில் அச்சிட்டிருந்தது மட்டுமே.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். மாமி சோற்றுக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மாமாவிடம் கற்ற தமிழ்தான் அவர் தமிழ். ஒவ்வொரு வாக்கியத்தையும் கத்தரித்த துணி போலச் சின்னதாகப் பேசுவார்.

"மாப்புள, நா எங்கயும் வரல. அவர் இங்க படுத்துருக்கார்."

மாமா அடங்கியிருக்கும் கபரைச் சொன்னார். நான் நூருவைப் பார்த்தேன். அவள் மடியில் ஐந்து வயது மகள் சல்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மாவ விட்டுட்டு நா வரமாட்டேன் மச்சான். காரைக்கால நா பாத்ததே இல்ல. அங்க வந்து யாருட்ட பேசுறது?" என்றாள். தன் தாயை அவள் இந்த ஊர் வழக்கப்படி மா என்றே கூப்பிடுவாள்.

 நான் சாப்பிட்டு எழுந்தேன்.

3

காரைக்காலில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பிரான்சு நாட்டு நதிகளின் பெயர்களையெல்லாம் ஒப்பிக்க வைத்தார். சைகோனுக்கு வந்து முதல் வாரத்தில் பிரெஞ்சுக் கடையொன்றில் சோப்பு கேட்கப் போய், வாய் திறக்க முடியாமல் நின்றேன். சோப்புக்குச் சொல் தெரியும், நுரைக்குக்கூடத் தெரியும். கேட்கத்தான் தெரியவில்லை. தனிச் சொற்களைச் சேர்த்து வைப்பதால் பேச்சு வராது என்று அன்று தெரிந்துகொண்டேன். அதே தவறை இரண்டாம் முறை செய்ய எனக்கு நான்கு மாதம்தான் இருந்தது. வேறு வழி தேடினேன்.

வழி எங்கள் அச்சுக்கூடத்திலேயே இருந்தது. ஈய எழுத்துகளைக் கோக்கிறவர்கள் அடிக்கடி வரும் தொடர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கோப்பதில்லை. "நேற்று மாலை நடைபெற்றது", "அரசு வட்டாரங்கள் தெரிவித்தன" போன்ற வரிகளை ஒருமுறை கோத்து, நூல் சுற்றிக் கட்டி, ஓரமாக வைத்திருப்பார்கள். வேண்டும்போது கட்டோடு எடுத்துப் பொருத்துவார்கள். ஆங்கிலத்தையும் கட்டுக் கட்டாகக் கற்றால் என்ன என்று நினைத்தேன்.

டெலிபிரிண்டரில் வந்து விழும் ஆங்கிலச் செய்திகளை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து, எந்த வினைச்சொல் அதிகமான சொற்களோடு ஒட்டிக்கொண்டு வருகிறது என்று கோடு போட்டு எண்ணினேன். டேக் முன்னால் நின்றது.

நம் 'எடு' போன்றதுதான் இது. நாம் படம் எடுக்கிறோம், முடிவு எடுக்கிறோம், வாடகைக்கு வீடு எடுக்கிறோம், ஓட்டம் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம். பசி தானாகவே எடுக்கிறது. இவற்றில் எதிலும் கையால் ஒரு பொருளைத் தூக்குவதில்லை. இதை யாரும் நமக்குப் பாடமாக நடத்தவும் இல்லை. ஆங்கிலக்காரனுக்கும் டேக் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். அவனுக்குச் சும்மா வந்ததை நான் பென்சில் வைத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

சமையல் நேரத்திலும் கண்ணில் படட்டும் என்று அலமாரியின் பக்கப் பலகையைத் தேர்ந்தெடுத்தேன். நீலப் பென்சிலால் முதல் வரியை எழுதினேன்: டேக் ப்ளேஸ். நடைபெறுதல்.

4

முதல் மாத முடிவில் என் பத்தியில் இருபத்திரண்டு வரிகள் இருந்தன. டேக் எ டவுன். டேக் எ ஹில். டேக் ப்ரிஸனர்ஸ். டேக் கவர், பதுங்குதல். டேக் கன்ட்ரோல். டேக் ஃபயர் என்றால் சுடுவதல்ல, சுடப்படுவது என்று எழுதிப் பக்கத்தில் கோடு போட்டிருந்தேன். டேக் கேஷுவல்டீஸ், உயிர்ச்சேதம் அடைதல். எனக்குப் பாடப்புத்தகம் டெலிபிரிண்டர். டெலிபிரிண்டருக்குப் பாடப்புத்தகம் போர்.

ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பியபோது என் பத்திக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு வரி முளைத்திருந்தது. துணியில் குறி போடுவதற்காக நூரு எப்போதும் காதில் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பாள். அதைக் கொண்டு எழுதியிருந்தாள். அவள் இந்த ஊர்ப் பள்ளியில் படித்தவள். ஆங்கிலத்தைக் காதால் கேட்டு வியட்நாமிய எழுத்தில் எழுதினாள். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன்: டேக் எ லுக்.

"இது எங்க புடிச்ச?"

"கடையில. உள்ள வர்ற சிப்பாய்லாம் அதத்தான் சொல்றாங்க. துணியப் பாத்துட்டுப் போறதுக்கு அது சலாம் மாதிரி."

அடுத்த வாரம் டேக் யுவர் டைம். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள் என்று கடையில் சொல்வது. பிறகு டேக் எ சீட், டேக் எ போட்டோ, டேக் டூ, டேக் கேர். என் பத்தி பலகையில் கீழே இறங்க இறங்க அவளுடையதும் கூடவே இறங்கியது. ஒரு வீட்டில் ஒரே வினைச்சொல்லுக்கு இரண்டு பத்திகள். இரண்டிலும் பொதுவாக ஒரு வரிகூட இல்லை.

இதை முதலில் கவனித்தவள் அவள்தான். மீன் கழுவிக்கொண்டே பலகையைப் பார்த்துக் கேட்டாள்:

"மச்சான், உங்க பட்டியல வச்சு ஒரு வாய் சாயா கேட்டுக் குடிக்க முடியுமா?"

யோசித்துப் பார்த்தேன். முடியாது.

"ஊரப் புடிக்கலாம், மலையப் புடிக்கலாம், நாலு பேரக் கைதியாக் கொண்டாரலாம். தாகத்துக்குத் தண்ணி கெடைக்காது."

"எனக்குப் பரீட்சை பத்திரிகைக்குப் புள்ள, சாயாக் கடைக்கு இல்ல."

"வைக்கிறது ஒரு மனுசன்தானே? அவருக்கு வீடு இருக்காதா? வீட்டப் பத்திக் கேட்டா என்ன செய்வீங்க?"

"கேக்க மாட்டார்."

"கேட்டா?"

மாமி குறுக்கே வந்தார். அவருக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. கப்பல் மூழ்கினாலும் கத்திரிக்காய் விலை ஏறினாலும் இந்த ஊர்க்காரர்கள் சொல்வது அதுதான். "சோய் ஒய்! மீன் கருகுது. ரெண்டு பேரும் அத டேக்."

அது பட்டியலில் இல்லாத பிரயோகம். ஆனால் வேலை நடந்தது.

5

பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பு அட்டை அலுவலகத்துக்குப் போனேன். முன்பு பிரெஞ்சில் இருந்த படிவம் இப்போது வியட்நாமியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தொழில் என்ற கட்டத்தில் பழக்கத்தில் பிரெஞ்சுச் சொல்லை எழுதிவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த குமாஸ்தா அதை விரல் நுனியால் திருப்பித் தள்ளினார்.

"இது போன ஆட்சி" என்றார்.

அடித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை. வேலைக் கடிதம் எங்கே என்றார். இரண்டு வாரத்தில் என்றேன். "அப்படியென்றால் இரண்டு வாரத்தில் வாருங்கள். இல்லையென்றால் வர வேண்டாம், அங்கே போங்கள்" என்று ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். அந்தத் திசையில் துறைமுகம் இருந்தது.

அவர் கெட்ட மனிதர் அல்ல. என் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள்.

6

பரீட்சை ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. அன்று ஏழு மணிக்குக் கடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். நூருவும் மாமியும் சொன்னதை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

கடை திறந்து முதல் ஆளாக ஒரு வெள்ளைக்காரர் உள்ளே வந்தார். உயரமானவர், தடித்த கண்ணாடி, கசங்கிய சட்டை. துணிச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். நூரு தன் பத்தியில் உள்ளதையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். டேக் எ லுக், டேக் யுவர் டைம். அவர் தலையசைத்தார். கொஞ்ச நேரத்தில் நன்றி சொல்லிவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

இங்கேதான் சிக்கல். காரைக்காலில் முதல் போணி நன்றாக இருந்தால்தான் அன்றைய வியாபாரம் நன்றாக இருக்கும் என்பார்கள். இந்த ஊரிலும் அதே நம்பிக்கை உண்டு, இன்னும் கடுமையாக. முதல் ஆள் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனால் அன்று அந்த வீட்டில் தொட்டது எதுவும் துலங்காது. அப்படி யாராவது போய்விட்டால் ஒரு காகிதத்தைக் கொளுத்தி வாசலில் வீசிச் சுற்றி அந்தப் பீடையைத் துரத்துவார்கள். எங்கள் கடை இரண்டு ஊர்ப் போணிக்கும் கட்டுப்பட்டது. மற்ற நாளென்றால் நூரு விட்டிருப்பாள். அன்று என் பரீட்சை.

மாமி அதற்குள் பழைய செய்தித்தாள் ஒன்றைச் சுருட்டித் தீப்பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். நூரு கல்லாவைச் சுற்றி ஓடிவந்து வாசலை மறித்து நின்றாள். மாமி மிச்சத் துணியில் தைத்து அடுக்கியிருக்கும் கைக்குட்டைகளில் ஒன்றை நீட்டினாள்.

"மிஸ்டர், யூ டேக் ஒன். ஸ்மால் ஒன். நோ டேக், பேட் டே."

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் தீக்குச்சியோடு நின்ற மாமியையும் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"டுடே மை ஹஸ்பண்ட் டேக் எக்ஸாம்."

"வாட் எக்ஸாம்?"

"நியூஸ்பேப்பர் எக்ஸாம். ஹி டேக் டவுன், டேக் ஹில், டேக் ப்ரிஸனர். ஆல் வார், மிஸ்டர். நோ ஹவுஸ்."

அவர் கைக்குட்டையை வாங்கிக்கொண்டார். எந்தப் பத்திரிகை என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். காசைக் கொடுத்துவிட்டு, டேக் கேர் என்று சொல்லிப் போனார். மாமி தீக்குச்சியைப் பெட்டியில் திருப்பிப் போட்டார். நான் தலை துவட்டிக்கொண்டு வந்தபோது இருவரும் சிரித்த முகமாக இருந்தார்கள். "போணி ஆயிட்டுது மச்சான், தைரியமாப் போங்க" என்றாள் நூரு. யாரோடு என்று நான் கேட்கவில்லை.

பென்டன் ஒரு வாரத்துக்கு முன்புதான் ஊருக்கு வந்திருந்தார். அதுவரை அறைக்குள்ளேயே இருந்ததால் அவரை முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தது அன்றுதான். ஒரு செய்தியைக் கொடுத்துப் பாதியாகச் சுருக்கச் சொன்னார். ஒரு நதிக்கரைச் சண்டை. பதினைந்து நிமிடத்தில் முடித்தேன். என் கட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. எடுத்துப் பொருத்தினேன். அவர் படித்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இப்போது வாயால் சொல்லுங்கள். இன்று காலை உங்கள் வீட்டில் என்ன நடந்தது?"

நூரு சொன்ன கேள்வி.  அடுப்பு மூட்டுவதற்கும் பிள்ளையை எழுப்புவதற்கும் என்னிடம் ஆங்கிலம் இல்லை. பேசாமல் இருந்தால் வேலை போய்விடும். இருந்த ஆங்கிலத்தில் பேசினேன்.

"காலை ஐந்து மணிக்கு என் மாமியார் அடுப்படியைக் கைப்பற்றினார். என் மகள் கொசுவலைக்குள் பதுங்கிக்கொண்டாள். ஆறு மணிக்கு என் மனைவி நிலைமையைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டாள். காலை உணவு திட்டமிட்டபடி நடைபெற்றது. ஒரு கோப்பை விழுந்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை."

எல்லாம் டேக்தான். ஒன்றும் இலக்கணப் பிழை இல்லை என்று நினைக்கிறேன்.

பென்டன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். வெள்ளைப் பருத்தி, ஓரத்தில் பச்சைத் தையல், மூலையில் தையல் கொஞ்சம் கோணல். அந்தக் கோணலை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். என் மாமியாரின் மெஷினில் ஒரு பல் தேய்ந்திருந்தது.

நான் கைக்குட்டையைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"உங்கள் மனைவி சொன்னது சரி" என்றார். "போர்ச் செய்தி மேசைக்கு இது போதும், கடிதம் தருகிறேன். ஆனால் பத்திரிகையில் மழையும் கல்யாணமும் தொலைந்துபோன நாயும்கூட வரும். அதற்கு வீட்டில் இருப்பவரிடம் படியுங்கள்."

அப்போதுதான் அவருக்குத் தோளும் முகமுமாகச் சிரிப்பு வந்தது. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை என்று இரண்டு முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

கடிதத்தோடு வீட்டுக்கு வந்து நூருவிடம் சொன்னபோது அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அல்லாவே, அந்த ஆளா? அவர்ட்டயா நா நோ ஹவுஸ்னு சொன்னேன்?"

மாமி மட்டும் பதறவில்லை. "நல்ல போணி" என்றார்.

7

அன்றிலிருந்து நூருவின் பத்தியை நானும் படித்தேன். கல்யாணச் செய்தி எழுதினேன், மழைச் செய்தி எழுதினேன், தொலைந்துபோன நாய் ஒன்றைப் பற்றி நான்கு வரி எழுத, அது கிடைக்கவும் செய்தது. எட்டு முறை அட்டை புதுப்பித்தாயிற்று. அந்தக் குமாஸ்தாவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்தால் இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்பார், நீங்களும் இருக்கிறீர்களே என்பேன்.

பென்டன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். போகும்போது கடைக்கு வந்து அரை டஜன் கைக்குட்டை வாங்கினார். கோணல் தையலாகப் பார்த்து எடுத்தார்.

இப்போது அந்நியப் படைகள் கிளம்பிக்கொண்டிருக்கின்றன. பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகள் இறங்கிய அதே கடைகளில் ஆங்கிலப் பெயர்ப்பலகைகள் இறங்குகின்றன. ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் பழையவை. எங்கள் பத்திரிகை எட்டுப் பக்கத்திலிருந்து நான்குக்கு வந்திருக்கிறது. அடுத்த அட்டைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. கடிதம் கிடைக்குமா என்று முதலாளியிடம் கேட்டேன். அவர் தெத் முடியட்டும் என்றார். வீட்டில் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சல்மாவுக்குப் பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பதற்கு வியட்நாமியில் பதில் சொல்கிறாள். ரேடியோவில் கேட்ட ஆங்கிலப் பாட்டைப் பாடிக்கொண்டே வீட்டுப் பாடம் எழுதுகிறாள். காரைக்கால் எங்கே இருக்கிறது என்று கேட்டால் வரைபடத்தில் விரலை வைப்பாள், இரண்டு அங்குலம் தள்ளி. பலகையைப் படித்துவிட்டு ஒரு நாள் சொன்னாள்: "வாப்பா, உங்க பக்கம் பூரா சண்டை. உம்மா பக்கம் பூரா கடை. நா எந்தப் பக்கத்துல எழுதுறது?"

எங்கே இடம் இருக்கிறதோ அங்கே எழுது என்றேன். அவள் இன்னும் எழுதவில்லை.

8

நேற்றுக்கு வருகிறேன். பலகையைச் சுரண்டக் கூடாது என்று ஆனபின் வண்ணக்காரர் அதன் பக்கத்துச் சுவரை அடிக்கப் போனார். பலகையோடு ஒட்டி நின்ற பெரிய அரிசி டின்னை நகர்த்த வேண்டியிருந்தது. அது மாமியின் டின். பல வருடமாக அங்கேயே நிற்கிறது, அரிசியை மேலேயிருந்து கொட்டுவோம். அவரும் நானுமாக இழுத்தோம்.

டின்னுக்குப் பின்னால், பலகையின் அடியில், சிவப்புப் பென்சிலில் மூன்று வரிகள் இருந்தன. அதுவரை நான் அவற்றைப் பார்த்ததில்லை. எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. சல்மா குனிந்து உரக்கப் படித்தாள்.

"டேக் ஷிப். டேக் மெஷின். டேக் மா."

நூரு கடையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள்.

"இது எப்ப எழுதுன?" என்று கேட்டேன்.

"பரீட்சைக்கு மொத நாளு."

"எதுக்கு?"

"நீங்க தேறலன்னா கப்பல் ஆபீசுக்குப் போவணும்ல? அங்க இங்கிலீஷ்லதான் பேசணும்னாங்க. உங்கள விட்டா அங்கயும் போயி டேக் ஹில்னு நிப்பீங்க."

"மாவ விட்டுட்டு வரமாட்டேன்னு சொன்னியே?"

"விட்டுட்டு வரமாட்டேன்னுதான் சொன்னேன்."

எட்டு வருடமாக அந்த வாக்கியத்தை 'வரமாட்டேன்' என்று மட்டும் நான் பாதியாகச் சுருக்கியே வைத்திருக்கிறேன். சுருக்குவது என் தொழில்.

"மாமிட்ட கேட்டியா?"

"கேட்டா வேணாம்பாங்க. அதான் எழுதி, டின்னத் தள்ளி வச்சேன்."

மாமி கொல்லைப் பக்கமிருந்து வந்தார். டின் இடம் மாறியிருப்பதுதான் அவர் கண்ணில் முதலில் பட்டது. பிறகு நாங்கள் எல்லோரும் குனிந்து பார்ப்பதைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் எழுதியிருந்தது அவர் படித்த வியட்நாமிய எழுத்தில். கடைசி வரியின் கடைசிச் சொல்லில் விரல் நின்றது.

"இது நா. என் பேர் ஏன் இங்க?"

சல்மா வியட்நாமியில் விளக்கினாள். வாப்பா பரீட்சையில் தோற்றிருந்தால் ஏறுவதற்குக் கப்பல், கூடவே கொண்டுபோகத் தையல் மெஷின், கூடவே கூட்டிப்போக நீங்கள்.  வண்ணக்காரர் தூரிகையைக் கையில் பிடித்தபடி நின்றார். எனக்கு அந்தப் பழைய வாக்கியம் வரும் என்று தெரியும்: நான் எங்கேயும் வரவில்லை, அவர் இங்கே படுத்திருக்கிறார். நூருவும் அதை எதிர்பார்த்துத்தான் நின்றாள்.

மாமி மூன்று வரிகளையும் மேலிருந்து கீழாக விரலால் தொட்டார். மறுபடி தொட்டார்.

"மெஷினுக்கு அப்புறமா நா?"

"மெஷின் கனம், மா. அத மொதல்ல ஏத்தணும்ல."

"சோய் ஒய்" என்றார் மாமி.

நூருவின் காதிலிருந்த சிவப்புப் பென்சிலை உருவினார். இன்னும் குனிந்து, தன் வரிக்கு முன்னால், ஒன்று என்று எண் போட்டார். பென்சிலை மகளின் காதிலேயே செருகினார். பிறகு எழுந்து, யாரையும் கூப்பிடாமல், அரிசி டின்னைத் தானே பழைய இடத்துக்குத் தள்ளி வைத்தார்.